இளகின குழி, இறுகின குழி

பீம்ராவ் கேப் ஏற்றும்போது சத்தமே கேட்காது. என் வீட்டுக்காரருக்குப் பொறுக்காதது அதுதான்.

இவர் பெயர் அப்சல். எர்ணாவூரில் ஒரு குழாய் கம்பெனியில் லேத் ஆபரேட்டர். அந்தக் கம்பெனிக்குத் திருவொற்றியூரில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்று இருக்கிறது. கம்பெனியில் வேலை செய்கிறவர் யார் வேண்டுமானாலும் சேரலாம். லைசென்ஸ் கிளப் பெயரில், துப்பாக்கியும் கிளப்புடையது. சுட்டு முடித்ததும் செக்ரட்டரி ரவிக்குமார் வாங்கி இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். வீட்டுக்கு ஒரு துரும்பு வராது, எரிச்சல் மட்டும் வரும். நான் இஷ்ரத். கிளப்பின் பின்பக்கம் டீயும் பட்டர் பன்னும் விற்கிற கேன்டீன் என்னுடையது. அதனால் அங்கே நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. தப்பினாலும் இவர் வீட்டுக்கு வந்து சோற்றோடு பிசைந்து என்னிடமே கொட்டுவார்.

சுடுகிற விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு தூக்கி எறிகிற சாமான் இல்லை. அதைக் கேஸ் என்பார்கள். கேஸின் அடியில் ஒரு மிளகு உட்காரும் அளவுக்குச் சின்னக் குழி. கேப் என்கிற வெடிமருந்து வைத்த குட்டிக் கிண்ணம் அந்தக் குழிக்குள் போய் உட்கார வேண்டும். துப்பாக்கி ஊசி தட்டினால் முதலில் பற்றுவது அதுதான். பழைய கேப்பைத் தட்டி எடுத்து, புதுக் கேப்பை அழுத்தி ஏற்றி, மருந்து போட்டு, மேலே ஈயத்தை உட்கார வைத்தால் அதே கேஸ் மறுபடியும் தோட்டா. மூலையில் கிடக்கிற ஒரு கைமிஷினில் நெம்பு என்கிற கைப்பிடியை அழுத்திச் செய்கிற வேலை.

முன்பெல்லாம் இவர் அந்த மிஷின் பக்கமே போனதில்லை. வெளிநாட்டுத் தோட்டா டப்பா டப்பாவாக வரும், மூத்த ஆட்கள் பிரித்துச் சுடுவார்கள். மிஷினில் உட்கார்ந்து தோட்டா போட்டுக்கொண்டிருந்தது பீம்ராவ் ஒருவன்தான். அவன் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற பிரிவு. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பிலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டரில் வருவான். அவன் சேர்ந்தபோது புதுத் தோட்டா உனக்குக் கிடையாது, வேண்டுமானால் அந்த மிஷினில் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அவனும் போட்டுக்கொண்டான். ஏன் அவனுக்கு மட்டும் கிடையாது என்று அந்தக் கிளப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இந்த வருடம் வெளிநாட்டுத் தோட்டா துறைமுகத்தைத் தாண்டி வரவில்லை. என்னவோ காகிதம் சரியில்லையாம். எல்லாரும் மிஷின் முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அன்று ஆரம்பித்தது எங்கள் வீட்டில் அடுப்பில்லாத எரிச்சல்.

வருடா வருடம் மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். பல வருடமாகப் போவது இவர்தான். முதுகில் பெயர் எழுதிய நீல நிற டிராக் சூட் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு இவர் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் மீன் வாங்கப் போவதைப் பார்க்க வேண்டுமே, மீனே எழுந்து வழிவிடும். இந்த முறை போவது யார் என்று தீர்மானிக்கிற சுடுதல் ஞாயிற்றுக்கிழமை. போன வருடம் வரை அது பேருக்கு நடக்கும். இந்த வருடம் பீம்ராவின் புள்ளிகள் ஏறிக்கொண்டே வந்ததில் பேருக்கு நடக்கிற காரியம் நிஜமாகிவிட்டது.

ரவிக்குமார் ஆளுக்கொரு பால்பவுடர் டப்பாவில் கேஸ்களைப் போட்டு, மேலே டேப் ஒட்டிப் பெயர் எழுதி, ஷெல்ஃபில் வைத்திருந்தார். கேப்பும் மருந்தும்தான் அவருடைய பூட்டுக்குள். கேஸ் டப்பா வெளியில் கிடக்கும். அவனவன் கேஸை அவனவன்தான் கழுவ வேண்டும், அவனவன்தான் தோட்டா போட வேண்டும், அவனவன்தான் சுட வேண்டும். இன்னொருவன் போட்ட தோட்டாவைத் தொடுவது கிளப்பில் எச்சில் இலையில் கை வைக்கிற மாதிரி.

இவர் டப்பாவில் வந்த கேஸ்களுக்குக் குழி இறுக்கம். நெம்பை அழுத்துவார், கேப் போகாது. இன்னும் அழுத்துவார், கடக்கென்று ஒரு சத்தம் வரும். எடுத்துப் பார்த்தால் கேப் சாய்ந்து கிடக்கும், இல்லை நசுங்கிக் கிடக்கும், இல்லை முழுசாக உள்ளே போகாமல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். தலை நீட்டின கேப்பைத் துப்பாக்கியில் வைத்தால் ஊசி தட்டினாலும் பற்றாமல் போகலாம். பத்து போட்டால் மூன்று குப்பை. பக்கத்து மேஜையில் பீம்ராவ் நெம்பை இழுப்பான், விடுவான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி கேப் உள்ளே போய்விடும். ஒரு சத்தம் இல்லை. நடுவில் என்னிடம் டீ வாங்கிக் குடிப்பான், மறுபடி போய் உட்காருவான். இவருடைய கடக் கடக் மட்டும் என் கேன்டீன் வரை கேட்கும்.

"செக்ரட்டரி வேலைய காட்டிட்டான் இஷ்ரத்து. நல்ல டப்பாவ அவனுக்கு குடுத்துட்டு, கலீஜ் டப்பாவ என் தலையில கட்டிட்டான்" என்றார் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டில். எதற்காக ரவிக்குமார் அப்படிச் செய்யப் போகிறார் என்று கேட்டேன். ஒவ்வொரு பக்ரீதுக்கும் நம் வீட்டு பிரியாணி அவர் வீட்டுக்குத்தான் போகிறது. இவர் அதை விட்டுவிட்டு, பீம்ராவ் இப்போதெல்லாம் செக்ரட்டரியோடு நின்று சிரிக்கிறான் என்றார். சிரித்தால் நல்ல டப்பா கிடைக்குமென்றால் நீங்களும் கொஞ்சம் சிரிக்கலாமே என்றேன். சோற்றில் கை கழுவாத குறை.

எனக்கு மட்டும் வயிறு குளிர்ந்திருந்தது என்று நினைக்க வேண்டாம். பீம்ராவின் பெண்டாட்டி ராஜாத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாட்பேக்கில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருவாள். என் கேன்டீனைத் தாண்டிப் போய் வேப்பமரத்தடியில் விரித்துக்கொண்டு உட்காருவாள். ஒரு பன் வாங்க மாட்டாள். வாங்காவிட்டால் போகிறது, அந்தச் சாதத்தை எல்லாருக்கும் ஒரு வாய் கொடுப்பாள். சாப்பிட்டவன் என் பன்னைத் திரும்பிப் பார்ப்பானா? எனக்கும் ஒரு நாள் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதனால் எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. இந்த முறை நீல டிராக் சூட் அந்த வீட்டுக் கொடியில் காய்வதை நினைத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

இவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். குழியில் கரி பிடித்திருக்கும், அதனால்தான் இறுக்கம் என்றார். என் சமையலறைப் புளியில் பாதியைக் கரைத்துக் கேஸ்களை ஊறவைத்தார். நிக்காஹ்வுக்குக் கழுவிய பித்தளைச் சாமான் மாதிரி பளபளத்தன. குழி அப்படியேதான் இருந்தது. நெம்பில் ஒரு குழாயை மாட்டி நீளமாக்கி அழுத்திப் பார்த்தார். நசுங்கின கேப்புகள்தான் அதிகமாயின. எல்லாம் முடிந்த பிறகு நான், பக்கத்து மேஜைக்காரனைக் கேட்டால்தான் என்ன, வருடக்கணக்காக அதே மிஷினில் உட்கார்ந்திருக்கிறான், ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்றேன்.

"அவன்கிட்ட போயி கைகட்டி நிக்கறதுக்கு நான் காசிமேட்டுல சுண்டல் வித்துகினு போவேன்" என்றார். மூக்கு நுனி சிவந்துவிட்டது. அதற்கு மேல் பேசினால் தட்டு பறக்கும்.

வியாழக்கிழமை இவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். இவர் பாடுகிற ஆள் இல்லை. மீன் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்ட பிறகு சொன்னார். மத்தியானம் கிளப்பில் யாரும் இல்லை. பீம்ராவ் டப்பாவில் இருந்த கேஸ்களைத் தன் டப்பாவில் கொட்டிக்கொண்டு, தன்னுடையதை அவன் டப்பாவில் கொட்டி மூடிவிட்டாராம். டப்பா இடம் மாறவில்லை, பெயர் மாறவில்லை. உள்ளே இருப்பது மட்டும் மாறியிருக்கிறது. இரண்டும் ஒரே அளவுப் பித்தளை, பார்த்தால் யாருக்கும் தெரியாது.

யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். சரி, சாப்பிடுங்கள் என்றேன். வேறென்ன சொல்வது? அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். அப்போது என் மனதில் இருந்தது அல்லாஹ் இல்லை, ராஜாத்தி வீட்டுக் கொடி.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு இவர் கிளப்புக்கு வந்துவிட்டார். மிஷினில் உட்கார்ந்தார். நெம்பை இழுத்தார். கேப் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. இன்னொன்று. அதுவும் போயிற்று. எழுந்து கேன்டீனுக்கு வந்து, அடுப்பை விட்டுவிட்டு வா, வந்து பார் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நானும் போய்ப் பார்த்தேன். விரலால் அழுத்தினாலே போய்விடும் போலிருந்தது. ஒன்றுகூட நசுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதை எல்லாம் ஒரே உட்காரலில் போட்டு முடித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயந்திரம் பீம்ராவ் வந்தான். டப்பாவைத் திறந்தான். இரண்டு விரலால் ஒரு கேஸை எடுத்து அடியைப் பார்த்தான். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டான். நான் கேன்டீனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்து செக்ரட்டரி அறைக்குப் போவான் என்று நினைத்தேன். அவன் எழுந்து என்னிடம் வந்தான். ஒரு டீ கேட்டான். குடித்தான். ஏதோ சொல்ல வாய் திறந்து, டீ நன்றாக இருக்கிறது அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்கு முன் ஒரு நாளும் அவன் என் டீயைப் பற்றி வாய் திறந்ததில்லை.

போய் உட்கார்ந்து பையிலிருந்து ஏதோ ஒரு சின்னக் கருவியை எடுத்தான். ஒவ்வொரு கேஸின் அடியிலும் வைத்து இரண்டு விரலால் ஒரு திருகு, ஒரு ஊது. எல்லாவற்றையும் அப்படிச் செய்துவிட்டு மிஷின் பக்கம் திரும்பினான். நெம்பை இழுத்தான், விட்டான். சத்தமே கேட்கவில்லை.

துப்பாக்கி துடைக்கிற சாக்கில் இவர் அங்கேயே இருந்தார். எந்த டப்பா இத்தனை நாள் இவர் கையில் கடக் கடக் என்று கத்தியதோ, அதே டப்பா அவன் கையில் வாயைத் திறக்கவில்லை. இவர் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. அன்று ராத்திரி முழுக்க கட்டிலில் புரண்டுகொண்டே இருந்தார். நடுவில் ஒரு முறை எழுந்து உட்கார்ந்து, இன்னாத்த திருகினான் என்று சுவரைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மணலித் தொழிற்சாலை வாடையோடு காற்று வீசிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் ராஜாத்தி ஹாட்பேக்கோடு வந்துவிட்டாள். சுடுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் பாதியில் நிதானமாக நேரம் எடுத்துச் சுட வேண்டும். அதில் இவர் எல்லாருக்கும் மேலே. பீம்ராவ் இரண்டு புள்ளி கீழே. நான் அன்றைக்குக் கல்லாவைக்கூடக் கவனிக்கவில்லை. எவனோ காசு கொடுக்காமல் இரண்டு பன் தின்றுவிட்டுப் போனான், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பாதியில் பலகை திரும்பித் திரும்பி முகம் காட்டும். காட்டுகிற கொஞ்ச நேரத்துக்குள் சுட வேண்டும். அதில் மூன்றாவது குண்டுக்கு இவர் துப்பாக்கி சிக்கி நின்றது. பின்பக்கம் லேசாகப் புகை. கையைத் தூக்கினார். ரவிக்குமார் வந்து துப்பாக்கியைத் திறந்து தட்டினார். உள்ளேயிருந்து ஒரு கேப் தனியாக விழுந்தது. குழியை விட்டுக் கழன்று, பொறிக்குள் போய்ச் சிக்கியிருக்கிறது. சொந்தமாகப் போட்ட தோட்டா சொதப்பினால் மறுவாய்ப்பு ஒரே ஒரு முறை, அது கிளப் சட்டம். கொடுத்தார்கள். அடுத்த வரிசையில் மறுபடி சிக்கியது. இந்த முறை மறுவாய்ப்பு கிடையாது. சுடாத குண்டுகள் எல்லாம் பூஜ்யம்.

ரவிக்குமார் அந்தக் கேஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு புதுக் கேப்பை எடுத்து அதன் குழியில் வைத்தார். தானாக உள்ளே போயிற்று. கவிழ்த்தார். தானாக வெளியே விழுந்தது.

"இது தேஞ்சு போன கேஸ் பாய். எத்தன வாட்டி சுட்டதோ, குழி விரிஞ்சு போச்சு. உங்களுக்கு நான் சீல் பிரிக்காத புது பாக்கெட் இல்ல குடுத்தேன்? கிளப்லயே அது ஒண்ணுதான் இருந்தது."

பக்கத்துக் கூண்டில் நின்ற பீம்ராவ் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. இவர், தெரியலையே என்றார்.

கேன்டீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. புதுப் பித்தளை இறுக்கமாகத்தான் இருக்கும். சுடச் சுடத்தான் இளகும். இத்தனை வருடமாக பீம்ராவ் சுட்டது மற்றவர்கள் சுட்டுத் தள்ளின மிச்சம். அதிலும் தேறாததைக் கழித்து, தேறுவதைப் பொறுக்கி, அதை வைத்துக்கொண்டுதான் புள்ளி ஏற்றியிருக்கிறான். இவர் என்ன ஒன்றும் தெரியாத ஆளா? நாள் முழுக்க லேத்தில் நின்று ஷாஃப்ட்டுக்கு புஷ் என்கிற வளையம் ஏற்றுகிறவர். எந்தச் சாமானாவது நோகாமல் ஏறினால் அது தேய்ந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இந்த ஒரு சாமான் பீம்ராவ் கையில் இருந்தது. அதனால் கண் அவிந்துபோயிற்று. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இவர் தன் பச்சைப் புல்லைக் கொடுத்து அக்கரைச் சருகை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

பீம்ராவ் ஜெயித்தான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாவிட்டால் தெரிந்துவிடுமே. ராஜாத்தி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அந்த அழுகைகூட அழகாக இருந்தது. எனக்கு அதுவும் ஆகவில்லை.

அன்று சாயந்திரம் மக்ரிப் தொழுது முடித்த நேரம் மாடிப்படியில் காலடிச் சத்தம். திறந்தால் பீம்ராவும் ராஜாத்தியும். அவள் கையில் பால்கோவா பெட்டி. எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்ததே இல்லை. வாங்க என்று சொல்லி நாற்காலி போட்டேன். போலீஸைப் பார்த்த மாதிரி இவர் எழுந்து நின்றார். கண்டுபிடித்துவிட்டான், கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தேன். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். யாரும் தொடவில்லை.

"ஒரு விசயம் பேசணும் பாய்" என்று பீம்ராவ் ஆரம்பித்தான். "வெள்ளிக்கெயம டப்பாவ தொறந்ததுமே கை சொல்லிடுச்சு, இது என் கேஸு இல்லன்னு. புது கேஸு கிளப்புலயே உன்கிட்ட மட்டும்தான் கீதுன்னு செக்ரட்டரி முன்னாடியே சொல்லிகிறாரு. எவனாவது திருடிகினு போயிருப்பான்னு நெனைக்கலாம்னா, தெரிஞ்சே பழச எவன் நைனா திருடுவான்? நீ தான் எனுக்கு வெச்சுட்டுப் போயிருக்கன்னு புரிஞ்சிடுச்சு."

இவர் நின்றவாக்கிலேயே நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

பீம்ராவ் தரையைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னான். அன்றைக்கே வந்து கேட்டிருக்க வேண்டுமாம். கேட்டால் இவர் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று பயந்து கேட்கவில்லையாம். அவனுக்கும் ஆசை இருந்ததாம். இத்தனை வருடத்தில் யாரும் அவனுக்கு ஒரு புதுக் கேஸ் கொடுத்ததில்லையாம். ஆனால் அவனுடைய டப்பாவின் அடியில் குழி விரிந்த கேஸ்கள் கிடந்தன. எறிய மனசு வராமல் போட்டு வைத்திருந்தவை. அதைப் பொறுக்கி எடுத்துவிடு பாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் துப்பாக்கி சிக்கியிருக்காது. சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றான்.

"நீ எனுக்கு செஞ்ச. நான் உனுக்கு செய்யல. மெய்யாலுமே உன் துப்பாக்கி சிக்கினதுலேர்ந்து சோறு எறங்கல. செக்ரட்டரிகிட்ட நான் சொல்லிடறேன், இந்த வாட்டியும் நீயே போயிட்டு வா பாய்."

ராஜாத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் இதற்குச் சண்டை போட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அவன் கேட்கவில்லை போலிருக்கிறது.

நான் இவர் கால் கட்டை விரலை மிதித்தேன். சரி என்று சொல்லுங்கள் என்று அர்த்தம். தானாக வந்த சீதேவியை யாராவது காலால் எட்டி உதைப்பார்களா? பெரிய மனுஷன் மாதிரி ஒரு தலையாட்டு, போதும். டிராக் சூட்டும் நமக்கு, வள்ளல் என்ற பெயரும் நமக்கு. இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன்.

இவர் மூக்கு நுனி சிவந்தது.

"நான் உனுக்கு குடுக்கல பீமு. உன்து நல்லா கீதுன்னு நான்தான் திருடிகினேன்."

கீழே தெருவில் ஒரு டேங்கர் லாரி போய், வீடு ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. பீம்ராவ் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழசையா?" என்றான்.

"பழசுன்னு எனுக்கு இன்னா தெரியும்?" என்றார் இவர்.

ராஜாத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பீம்ராவ் சிரிக்கவில்லை. முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. வரும்போது அவனிடம் இருந்த வெளிச்சம் அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ ஒருவர் தனக்காக ஒன்று செய்தார் என்ற நினைப்போடு இரண்டு நாள் இருந்திருக்கிறான். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அப்போ நானே போறேன் பாய்" என்றான்.

ராஜாத்தி எழுந்தாள். மேஜையில் வைத்த பால்கோவா பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இருவரும் படியிறங்கினார்கள்.

கதவைச் சாத்திவிட்டு நான் பிடித்துக்கொண்டேன். உங்களுக்குப் பைத்தியமா, அவனே கொடுக்கிறான், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, திடீரென்று மகான் அவுலியாவாகிவிட்டீர்களா என்று கத்தினேன். இவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"அவன் மூஞ்ச பாத்தியா நீ? சுடறதுலயும் அவனே ஜெயிப்பான், நல்லவனாவும் அவனே இருப்பான். விட்டுக்குடுக்கறதும் அவன். நான் அவன் கையால வாங்கிகினு இளிச்சிகினு நிக்கணுமா? என்னால ஆவாது."

பொறாமை தாங்காமல் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லி நான் பார்த்தது அன்றுதான். அடுத்த நிமிஷமே இவர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டன்கூடப் போடாமல் படியில் தடதடவென்று இறங்கினார். அடிக்கப் போகிறாரோ என்று பயந்து ஜன்னலுக்கு ஓடினேன்.

பீம்ராவ் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியிருந்தான். ராஜாத்தி பின்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் பெட்டி. இவர் போய் வண்டியை மறித்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்டார். பீம்ராவ் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். இவர் நகரவில்லை. மறுபடியும் கேட்டார், இந்த முறை விரலை ஒரு குழி மாதிரி வளைத்துக் காட்டிக் கேட்டார். பீம்ராவ் அந்த விரலைப் பார்த்தான். பிறகு வண்டியை அணைத்தான். இரண்டு விரலைச் சேர்த்து, குழியின் வாயை மட்டும் மெதுவாகச் சீவுகிற மாதிரி ஒரு திருகு திருகிக் காட்டினான். உடனே கையைத் தூக்கி, அதற்கு மேல் வேண்டாம் என்று சைகை செய்தான். இவர் அதே மாதிரி தன் விரலால் செய்து பார்த்தார். பீம்ராவ் தலையை ஆட்டி, அப்படியில்லை என்று இவர் விரலைப் பிடித்துத் திருத்தினான்.

குனிந்து, காதைக் கொடுத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இவர் கேட்டுக்கொண்டிருந்தார். நிக்காஹ் ஆன நாள் முதல் நான் சொன்ன ஒரு வார்த்தையை இந்த மனிதர் அப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜாத்தி தலையைத் தூக்கி ஜன்னலில் என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி திரும்பி, டீ கப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.